பாம்புக்காதுக்காரர் செய்த பெட்டி

அந்தப் பெயரை அவருக்கு வைத்தவர்கள் கூட வேலை செய்தவர்கள். பெரிய கட்டடங்களுக்குள் குளிர்காற்றைக் கொண்டுபோகும் தகரக் குழாய்களைச் செய்து பொருத்துவது அவர் தொழில். ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு அகலமான அந்தக் குழாய்கள் கூரைக்கும் அதன் கீழே அடிக்கும் அலங்காரப் பலகைக்கும் நடுவே ஓடும். எங்காவது ஒரு மூட்டில் நகக்கண் அளவு இடைவெளி இருந்தாலும் காற்று கசியும். மற்றவர்கள் ஏணி போட்டு ஏறி, சோப்பு நுரை தடவி, மூட்டு மூட்டாகத் தேடுவார்கள். இவர் கீழே நின்று ஒரு கையை உயர்த்துவார். எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். தலையைச் சற்றே சாய்த்தபடி நடந்து போய், சட்டென்று நின்று, "இங்க" என்பார். ஏறிப் பார்த்தால் அங்கேதான் இருக்கும்.

"இது மனுசக் காதே இல்லப்பா, பாம்புக் காது" என்றான் ஒருவன். அன்று முதல் அவருக்கு அதுவே பெயர். மேஸ்திரியான பிறகும் போகவில்லை. மகளுக்குக் கல்யாணம் பேசியபோது, "பொண்ணோட அப்பாதான் பாம்புக்காதுக்காரர். சுவத்துக்கு அந்தப் பக்கம் எறும்பு நடந்தாலும் சொல்லிடுவாரு" என்று யாரோ சம்பந்தி வீட்டாரிடம் சொல்ல, அவரும் வேண்டாம் என்பது போலக் கையை ஆட்டிக்கொண்டே சிரித்தார்.

அப்போதே அந்தக் காது பாதி போயிருந்தது.

எப்போது போக ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியாது. நாளெல்லாம் தகரத்தைச் சுத்தியலால் அடித்த வேலை. அடிக்காத நேரத்தில் இயந்திர அறைகளின் இரைச்சல். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னால் சிரிப்பார், பாம்புக்காதை யாராவது அடைப்பார்களா? முதலில் மெல்லிய சத்தங்கள் விடைபெற்றுக்கொண்டன. சாவிக்கொத்து, குருவி, கைப்பேசியின் மணி. லாரியும் இடியும் கேட்டன. அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். மனிதர்கள் பேசினால் பேசுகிறார்கள் என்று கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்று உதட்டைப் பார்த்தால்தான் பிடிபடும்.

வேலையில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சட்டைப் பையில் ஒரு முழம் பஞ்சு நூல். ஏணியில் ஏறி, காதை மூட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணைப் பாதி செருகிக்கொள்வார். மறுபுறம் விரலிடுக்கில் நூல் தொங்கும். நூல் ஆடினால், "இங்க." கீழே நிற்பவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டு, அந்தக் காதுகளைப் பற்றியே ஆளாளுக்குப் பேசினார்கள். பேசியதில் பாதி அவருக்குக் கேட்கவில்லை. மற்றவர்கள் கைதட்டியபோது அவரும் தட்டினார். தன்னைப் பாராட்டியதற்குத் தானே கைதட்டியிருக்கிறோம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

வீட்டில் நூலுக்கு வேலை இல்லை. அங்கே அவர் பிடிவாதக்காரர் ஆனார்.

"நான் பாட்டுக்குக் கத்திக்கிட்டு இருக்கேன், இவரு காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறாரே" என்று மனைவி அங்கலாய்ப்பாள். காதில் விழவில்லை என்பதைவிடக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பது அவருக்குக் கௌரவமாக இருந்தது. திமிர் பிடித்தவன் என்று பேர் வாங்கினால் தலை நிமிர்ந்தே நடக்கலாம். செவிடன் என்று பேர் வாங்கினால் முடியுமா? இப்படித்தான் அவர் கணக்குப் போட்டார்.

அந்தக் கணக்கில் ஒரு மத்தியானம் இருந்தது. மனைவி பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழ முடியாமல், "ஏங்க, ஏங்க" என்று கூப்பிட்டிருக்கிறாள். அவர் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து ஓடி வந்தாள். வந்தவள் அவரைக் கேட்டாள், "ஏன் சார், அக்கா இவ்ளோ நேரமா கூப்பிடறாங்களே, உங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு" என்றார் அவர். "ஏதோ வழக்கம் போல புலம்புறான்னு நெனச்சேன்."

வாயிலிருந்து வந்துவிட்டது. மனைவி படுத்த இடத்திலிருந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதன் பிறகு அவள் எதற்கும் அவரைக் கூப்பிடுவதில்லை. உயரத்துப் பரணிலிருந்து பாத்திரம் எடுக்க வேண்டுமென்றாலும் தானே நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிவிடுவாள்.

மாப்பிள்ளை விஷயம் வேறு விதம். ஒலிப்பதிவு செய்யும் தொழில் அவருக்கு. புத்தகங்களை ஆட்களை வைத்து வாசிக்கச் செய்து, பதிவு செய்து கொடுப்பார். நல்ல பிள்ளை, பணிவான பிள்ளை. ஆனால் பேசுவது பூனை நடப்பது போல. உதடுகூடச் சரியாக அசையாது. ஒருமுறை வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொன்னார். இவரும் முகத்தை மலர்த்தி, "ரொம்ப சந்தோஷம் மாப்ளே" என்றார். மாப்பிள்ளை சொன்னது, "அப்பாவை ஆஸ்பத்திரியில சேத்திருக்கு மாமா." அதிலிருந்து மாமனாருக்குத் தன் குடும்பத்தின் மேல் ஏதோ மனத்தாங்கல் என்று மாப்பிள்ளை முடிவு கட்டியிருந்தார். மகள்தான் இரண்டு பக்கமும் சமாதானம் சொல்லிச் சலித்துப்போனாள்.

அந்த மகள்தான் ஒரு நாள் போன் செய்து அம்மா மூலமாகச் சொல்லி அனுப்பினாள். மாப்பிள்ளையின் பதிவு அறையில் இரண்டு கம்ப்யூட்டர்களும் சத்தம் போடுகின்றன. வாசிப்பவர் மூச்சு விட நிறுத்தும் இடத்தில் எல்லாம் அந்த இரைச்சல் பதிவாகிறது. வேறு அறையில் வைக்க வீட்டில் இடம் இல்லை. அப்பா ஒரு பெட்டி செய்து தருவாரா?

"காத்து போகணுமாம், சத்தம் போகக் கூடாதாம்" என்றாள் மனைவி, அவர் முகத்தைப் பார்க்காமலே.

"என்னது?"

"காத்து! சத்தம்! உங்க பொழைப்புதானே அது!"

அவருக்கு உடம்பெல்லாம் சூடாகி ஒரு சந்தோஷம் வந்தது. மாப்பிள்ளையோடு பேசத்தான் அவருக்கு வராது. பெட்டி செய்ய வரும்.

மாப்பிள்ளை வீடு இரண்டாவது மாடியில். கடைசி அறைதான் பதிவு அறை. சுவரெல்லாம் ஸ்பாஞ்சு ஒட்டி, தடித்த கதவு போட்டிருந்தார்கள். ஒரு மூலையில் மைக். எதிர் மூலையில் மேசைக்குக் கீழே இரண்டு கம்ப்யூட்டர்கள். மாப்பிள்ளை அவற்றைக் காட்டி ஏதோ கேட்டார். கேட்குதா என்றுதான் கேட்டிருக்க வேண்டும். பாம்புக்காதுக்காரர் குனிந்து ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்தார். தகரம் நடுங்கியது.

"அடேயப்பா, என்ன இரைச்சல்!" என்றார்.

மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. மாமாவுக்குப் புரிகிறது.

பெட்டியை அவர் ஆசை ஆசையாகச் செய்தார். தடித்த பிளைவுட் இரண்டு அடுக்கு, நடுவே ரப்பர் ஷீட். உட்புறம் முழுக்க ஸ்பாஞ்சு. கதவுக்கு ஃபிரிட்ஜ் கதவில் வருகிற ரப்பர், அதை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி கொக்கி. வயர்கள் போகிற துளையையும் ரப்பரால் அடைத்தார். தரையோடு அதிர்வு இறங்காமல் இருக்க நான்கு ரப்பர் கால்கள். முன்பக்கம் அடியில் காற்று உள்ளே வரும் வாய். பின்பக்கம் மேலே வெளியே போகும் வாய், அதில் மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன். இரண்டு வாய்களுக்கும் நேர் வழி கிடையாது. பலகையால் குறுக்குச் சுவர் வைத்து, பாம்பு ஊர்கிற மாதிரி வளைத்து வளைத்து விட்டிருந்தார்.

"காத்துக்கு வளைஞ்சு போகத் தெரியும் மாப்ளே" என்று உரக்க விளக்கினார். "சத்தத்துக்கு அந்தப் பணிவு கிடையாது. நேராத்தான் போவேன்னு அடம் பிடிக்கும். மூலைக்கு மூலை ஸ்பாஞ்சுல முட்டி முட்டி உள்ளேயே செத்துரும்."

மாப்பிள்ளை சிரித்து ஏதோ சொன்னார்.

"ஆமா ஆமா" என்றார் அவர்.

கடைசியில் ஓர் அழகு வேலை செய்தார். வெளியே போகும் வாயில் பொடித் துளை போட்ட தகடு ஒன்றைப் பொருத்தினார். மொட்டையாக ஓர் ஓட்டை தெரிந்தால் மகள் வீட்டுக்கு நன்றாக இருக்காது என்று நினைத்தார். நான்கு மூலையிலும் பித்தளைத் திருகாணி, துடைத்துப் பளபளவென்று. ஃபேனை ஓடவிட்டு, எல்லோரையும் கையை உயர்த்திப் பேசாதிருக்கச் சொன்னார். பழைய வழக்கம் தானாக வந்துவிட்டது. தலையைச் சாய்த்தார்.

"ஒரு பொட்டுச் சத்தம் இருக்கா? சொல்லுங்க மாப்ளே."

தகட்டின் பொடித் துளைகள் வழியே காற்று மெலிதாகச் சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்குக் கேட்டது. அவர் மாமனாரின் முகத்தைப் பார்த்தார். அது கோயில் சிலை போலச் சாந்தமாக இருந்தது.

"இல்ல மாமா" என்றார். "நல்லா இருக்கு."

முதல் பெரிய பதிவு அடுத்த வாரம். கதை வாசிக்கிற அம்மாள் ஒருவர் வந்திருந்தார். அந்த வீட்டில் அவருக்குக் குரலம்மா என்று பெயர். பெட்டியின் அரங்கேற்றம் என்று சொல்லி மகள் பெற்றோரையும் வரவழைத்திருந்தாள். பெட்டிக்குள் சூடு அதிகமானால் அடிக்கிற மாதிரி மாப்பிள்ளை ஒரு பஸர் வாங்கி வைத்திருந்தார். பதிவு அறைக்குள் அடித்தால் பதிவு கெட்டுவிடும் என்பதால் வயரை இழுத்து ஹாலில் ஒரு முக்காலியின் மேல் வைத்தார். பக்கத்தில் ஒரு சுவிட்ச்.

இந்த முறை மாப்பிள்ளை நேருக்கு நேர் நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "இது அடிச்சா, இந்த சுவிட்சைப் போடுங்க மாமா. உள்ள எனக்கு லைட் எரியும். நான் நிறுத்திடுவேன். வேற யாரை நம்பி உக்கார வெக்கிறது? உங்க காது இருக்கும்போது."

எல்லாச் சொல்லும் பிடிபட்டது. அந்த நேரத்தில் அவர் சொல்லியிருக்கலாம். உன் மாமியாரை உட்கார வை, எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று வேடிக்கை போலவாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. "போங்க மாப்ளே, நான் பாத்துக்கறேன்" என்றுதான் அது வெளியே வந்தது. எப்படியும் அடிக்காது என்று நினைத்தார். ஃபேன் ஓடுகிறது, காற்று போகிறது. எதற்கு அடிக்கப் போகிறது?

மாப்பிள்ளை உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அம்மாவும் மகளும் கடைக்குப் போனார்கள். அவர் நாற்காலியைப் பஸருக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு பேப்பரை விரித்தார். இடையிடையே பஸரைப் பார்த்தார். சின்னக் கறுப்புப் பொட்டு, பொத்தான் போல. அதில் விளக்கு இல்லை, அசைவு இல்லை. பார்த்துத் தெரிந்துகொள்ள ஒன்றுமே இல்லை. வெளியூர்ச் செய்திக்குப் போனார். விளையாட்டுக்குப் போனார்.

படார் என்று வாசற்கதவு திறந்ததுதான் அவருக்குத் தெரிந்தது. மகள் பையைத் தரையில் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அப்பா! அது அந்தக் கத்து கத்துதே!"

"எது?"

மகள் பஸரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் கையில் பேப்பர், முகத்தில் பாதிச் சிரிப்பு. பின்னாலேயே மனைவி மூச்சிரைக்க வந்தாள். "கீழ்ப்படியிலேயே கேட்டுச்சு. முதல் மாடிக்காரங்க கதவைத் தெறந்து பாக்கறாங்க. இங்க ஒருத்தர் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிக்கிறாரு!"

மகள் சுவிட்சைப் போடுவதற்குள் உள்கதவு திறந்தது. மாப்பிள்ளை கழுத்தில் ஹெட்போனோடு நின்றார். சூடு தாங்காமல் இரண்டு கம்ப்யூட்டர்களும் தாமாகவே நின்றுபோயிருந்தன. அதுவரை வாசித்தது போயிற்று. உள்ளே குரலம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதையில் மகனைத் தொலைத்த தாய் அழுகிற இடத்தை வாசித்திருக்கிறார்.

"பரவால்லம்மா, மறுபடி வாசிச்சுடலாம்" என்றார் மகளிடம். பிறகு மெதுவாக, "என்ன, அந்த அழுகை மறுபடி அப்படியே வராது" என்றார்.

எல்லோரும் பாம்புக்காதுக்காரரைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"கண்ணு அசந்துட்டேன்" என்றார்.

"பேப்பரைப் புரட்டிக்கிட்டே கண்ணு அசந்தீங்களா?" என்றாள் மனைவி. "நம்புங்கம்மா நம்புங்க. இவருக்கு இது புதுசா? நான் இடுப்பு ஒடிஞ்சு கெடந்து கூப்பிட்டப்பவே கேட்டுக்கிட்டு உக்காந்திருந்த மனுசன். மிஷினு கூப்பிட்டா மட்டும் எழுந்து வரப்போறாரா?"

"அத்தே, அவரைத் திட்டாதீங்க." மாப்பிள்ளை குரலை உயர்த்தி அவர் கேட்டதே இல்லை. இன்றுதான் முதல் தடவை. உதடும் நன்றாக அசைந்தது. "தப்பு என்னோடது. ஃபேனை நான்தான் நிறுத்தி வெச்சேன்."

"ஏன்?" என்றாள் மகள்.

"அந்தத் தகட்டுலேர்ந்து ஒரு விசில் மாதிரி வருது. மெல்லிசா. மாமாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவ்ளோ ஆசையா செஞ்சாரு. கொஞ்ச நேரம்தானே, சூடானா பஸர் இருக்கு, மாமா இருக்காருன்னு..." மாப்பிள்ளை ஹெட்போன் வயரை விரலில் சுற்றினார். "மொதல்ல எனக்கு என் காது மேலயே சந்தேகம். மாமாவுக்கே கேக்கலைன்னா சத்தம் இருக்க முடியாது, என் காதுதான் கெட்டுப் போச்சுன்னு பயந்துட்டேன். காது போனா என் தொழிலே போச்சே. போன வாரம் டாக்டர்கிட்ட போய் டெஸ்ட் எடுத்துக்கிட்டு வந்தேன். இவகிட்டகூடச் சொல்லல."

பாம்புக்காதுக்காரர் அத்தனையையும் மாப்பிள்ளையின் உதட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு சொல்லும் முள் போல இறங்கியது. ஒரு நல்ல பிள்ளை தன் நல்ல காதைச் சந்தேகப்பட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், டாக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அதை அவர்தான் அவனுக்குக் கொடுத்திருக்கிறார். இப்போது அவனே மன்னிப்பும் கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

"தகட்டைக் கழட்டிடறேன்" என்றார். அவர் வாயில் வந்தது அவ்வளவுதான்.

உள்ளே போனார். பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்னால் மண்டியிட்டு, பித்தளைத் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தார். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் இருந்தார்கள். மேசைமேல் அணைந்து கிடந்த கம்ப்யூட்டர்த் திரை கண்ணாடி போல அவர்களைக் காட்டியது. பின்னால் யார் எப்போது வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ள, பளபளப்பான எதையும் இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு நெடுநாள் பழக்கம்.

திரையில் மனைவி வந்தாள். கையில் பஸர். நேராக வந்து அவர் தோளுக்கு மேலே, காதுக்குப் பக்கத்தில் நீட்டினாள். அவள் உதடு இறுக மூடியிருந்தது. சோதிக்கிறாள் என்று அவருக்குப் பட்டது. அடிக்க விட்டு, காதுக்குள்ளேயே வைத்துச் சோதிக்கிறாள். இதில் தவறக் கூடாது. எல்லோரும் பார்க்கிறார்கள். அவர் ஸ்க்ரூட்ரைவரைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு துள்ளித் திரும்பினார்.

"நிறுத்துடி! காது கிழியுது!"

யாரும் அசையவில்லை.

மனைவி பஸரைக் கையில் பிடித்தபடி நின்றாள். அதன் வயர் பிடுங்கப்பட்டு, நுனி அவள் முழங்கைக்குக் கீழே வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. அந்த வயரைப் பார்த்துக்கொண்டே அவர் காதிலிருந்து கைகளை எடுத்தார்.

"அப்பா" என்றாள் மகள். அவள் உதட்டைப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்தது. "அது அடிக்கலப்பா. அம்மா வயரைப் பிடுங்கிட்டு, பெட்டியோட வைக்கச் சொல்லி உங்ககிட்ட குடுக்க வந்தாங்க."

முதலில் நகர்ந்தவர் குரலம்மா. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, இன்னொரு நாள் வருவதாக மாப்பிள்ளையிடம் சாதாரணமாகச் சொன்னார். பிறகு பாம்புக்காதுக்காரரின் முன்னால் வந்து, சற்றே குனிந்து, வாயைப் பெரிதாகத் திறந்து, "நான்... வரட்டுங்களா... ஐயா?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். சின்னக் குழந்தையிடமும் நோயாளியிடமும் அப்படித்தான் பேசுவார்கள். அவருக்கு அந்தப் பெட்டிக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்குத் திரும்புகையில் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மனைவி எப்போதும் சாலையைப் பார்த்து உட்காருவாள். இன்று அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். பஸ் ஒன்று வந்து போயிற்று. அவர்கள் ஏறவில்லை.

"எத்தனை வருஷமா?"

அவர் உள்ளங்கையில் பதிந்திருந்த திருகாணித் தடத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். "தெரியல. ரொம்ப வருஷமா."

"நான் விழுந்தப்பவா?"

அவர் தலையசைத்தார்.

"அப்ப நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கல."

"கேக்கல."

"கேட்டுச்சுன்னு சொன்னீங்களே. அந்தப் பொண்ணு முன்னாடி. புலம்புறான்னு நெனச்சேன்னு."

அவள் முந்தானையை இழுத்து மடியில் வைத்து மடித்தாள். பிரித்தாள். மறுபடியும் மடித்தாள்.

"நான் என்ன பாவம் பண்ணினேன், இப்படி ஒரு கல்லுக்கு வாக்கப்பட்டேன்னு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா? அதுவும் உங்களுக்குக் கேட்டிருக்காது." அவள் குரல் உடையவில்லை. அவருக்குக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "செவிடுன்னு சொல்லியிருந்தா கிட்ட வந்து பேசியிருப்பேன். அவ்ளோதானே. கிட்ட வந்து பேசியிருப்பேன்."

அடுத்த பஸ்ஸில் ஏறினார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் சண்டை எதுவும் வரவில்லை. வந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மனைவி இப்போது எதையும் அடுக்களையிலிருந்து சொல்வதில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, இடுப்பு வலியோடு மெல்ல நடந்து முன்னறைக்கு வந்து, அவர் எதிரே நின்று, "தண்ணி நின்னுடும் போலிருக்கு, குளிச்சிடுங்க" என்பாள். திரும்பி நடந்து போவாள். கொஞ்ச நேரம் கழித்து, "சோப்பு புதுசு வெச்சிருக்கேன்" என்று சொல்வதற்காக மறுபடியும் வருவாள். இவ்வளவு காலமும் அவள் இருந்த இடத்திலிருந்தே கத்தியதெல்லாம் இந்த மாதிரிச் சின்ன விஷயங்கள்தான் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி வருவதைப் பார்க்கும்போது அவர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வார். உடனே, அப்படித் தூக்கினால் அவள் உதடு தெரியாதே என்று இறக்கிக்கொள்வார்.

மாப்பிள்ளை ஹாலில் பஸரை எடுத்துவிட்டுச் சிவப்பு விளக்கு ஒன்று வைத்திருக்கிறார் என்று மகள் சொன்னாள். சத்தம் தொந்தரவாக இருக்கிறதாம், அதனாலாம். தகட்டைக் கழற்றிய பிறகு பெட்டியில் ஒரு பொட்டுச் சத்தமும் இல்லையாம். மாப்பிள்ளை எல்லோரிடமும் மாமா செய்தது என்றுதான் சொல்கிறாராம்.

காது டாக்டரிடம் அழைத்துப்போனதும் மாப்பிள்ளைதான். தான் போன அதே டாக்டர். அங்கே அவரை ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்தார்கள். அறை என்று சொல்வது மரியாதைக்குத்தான். உண்மையில் அது ஒரு பெட்டி. இரண்டு அடுக்குப் பலகை. உள்ளே ஸ்பாஞ்சு. கதவில் ரப்பர், இறுக்கிப் பிடிக்கும் கொக்கி. அண்ணாந்து பார்த்தார். மேல் மூலையில் காற்று வாய், மொட்டையாக, தகடு இல்லாமல். சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கச் சொன்னார்கள். கதவு சாத்தியது. எதிரே கண்ணாடி. அதற்கு அப்பால் டாக்டரம்மா ஒரு குமிழைத் திருகிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளையும் மகளும். கொஞ்சம் தள்ளி மனைவி, நாற்காலியின் நுனியில்.

முதலில் கனத்த சத்தங்கள் வந்தன. அமுக்கினார். பிறகு ஒன்றும் வரவில்லை. ஆனால் டாக்டரம்மாவின் விரல் குமிழைத் தொடுவது கண்ணாடி வழியாக நன்றாகத் தெரிந்தது. தொட்டதும் புருவம் லேசாக உயர்கிறது. இப்போது ஒரு சத்தம் போயிருக்கிறது. இதோ இன்னொன்று. அவருக்கு அது பஞ்சு நூல் ஆடுவதைப் போலத் துல்லியமாகத் தெரிந்தது. அவர் கட்டைவிரல் பொத்தானின் மேல் துடித்தது. அமுக்கினால் போதும். பாம்புக்காதுக்காரருக்கு ஒன்றும் இல்லை, வயதான காதுக்கு இது ரொம்ப நல்ல காது என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

கண்ணாடிக்கு அப்பால் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவின் விரலையும் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எதுவும் இல்லை. எவ்வளவு நேரம் என்றும் தெரியவில்லை. வெளியே குமிழ் திருகப்பட்டுக்கொண்டிருக்கும். அவர் அமுக்காத ஒவ்வொன்றையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், மாப்பிள்ளை உட்பட. முகம் சுட்டது. காது மடல் வரை சுட்டது. கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து எடுத்து, உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.